இரை எனும் பத்தி

வியாழக்கிழமைதோறும்
பதினேழாம் எண் கேமராவின் அட்டையைக்
கழற்றி வருவேன்.
மண்டாய்க் காட்டின் ஓரம்.
விரைவுச்சாலையின் இரைச்சல்
இலைகளுக்குள்ளேயே குடியிருக்கும் இடம்.

அலுவலகத்தில் குளிர்காற்று பிடரியில் ஊத
மூவாயிரத்துச் சொச்சம் படங்களை
ஒவ்வொன்றாகத் தள்ளுவேன்.
காற்று. காற்று. ஒரு பிரம்போலை.
கண்ணாடியில் மழைத்துளி.
காற்று.
அசைந்த எதையும் உயிரென்று நம்பிவிடும்
அப்பாவிக் கருவி.

விரிதாளில் இரண்டு பத்திகள்:
கொன்றுண்ணி, இரை.
போன ஆண்டு இரைப் பத்தியில்
எலி, எலி, எலி என்று அடித்தே
விசைப்பலகையில் 'எ' அழிந்துபோனது.
இந்த ஆண்டு அழிந்துகொண்டிருப்பது
பூஜ்யம்.

அவள் ஒருத்தி மட்டும் இன்னும் வருகிறாள்.
சிறுத்தைப்பூனை என்கிறது படிவம்.
வீட்டுப்பூனை அளவுதான்,
உடம்பெங்கும் மையொற்றிய புள்ளிகள்.
வெருகு என்று நம்மிடம் பழஞ்சொல் ஒன்று உண்டு;
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
இடக்காதில் ஒரு பிளவு,
அதுதான் அவளுடைய அடையாள அட்டை.

மார்ச்: பின்னால் இரண்டு குட்டிகள்.
ஜூன்: ஒன்று.
ஆகஸ்ட்: அவள் மட்டும்,
வாயில் ஒரு தத்துக்கிளி.

விலா எலும்பை எண்ணாதே,
அது தரவு ஆகாது என்றார் சுஹைலா.
எண்ணினேன்.

இதுவரை சொல்லாமல் வைத்திருந்தது:
ஏப்ரலில், புக்கிட் பாஞ்சாங்கில்,
எங்கள் புளோக்கின் குப்பையறைப் பக்கம்
எலி ஒன்று என் மகன் செருப்பின்மேல் ஏறி ஓடியது.
நகர மன்றத்தை அழைத்தது நான்தான்.
பெயர், புளோக் எண், எல்லாம் தெளிவாகச் சொன்னேன்.
நன்றி என்றேன், இரண்டு முறை.

மறுநாளே வந்தார்கள்.
கறுப்புப் பெட்டிகள். உள்ளே நீல வில்லைகள்.
கால்வாய் நெடுக, விளையாட்டுத் திடல் நெடுக,
காட்டு வேலி வரைக்கும்,
வேலிக்கு அப்பாலும்
கையெட்டிய தூரத்தில் ஓரிரண்டு.
வைத்தவர் அறந்தாங்கிக்காரர், மாசிலாமணி.
"இனிமே ஒண்ணுகூட இருக்காதுக்கா" என்றார்.
வேலையில் சுத்தம்.
ஒன்றுகூட இல்லை.

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.
சொன்னவன் இரண்டையும்
தராசின் இரு தட்டுகளில் வைத்துவிட்டான்.
அவை ஒரே தட்டில் இருந்தன.

எலி வளையானாலும் தனி வளை என்று
நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன்,
இருபத்தைந்து ஆண்டுக் கடனில்,
பதினொன்றாம் மாடியில்.
சன்னலைத் திறந்தால் காடு.
தரகர் அந்தப் பச்சைக்குத் தனியாக விலை சொன்னார்.

கூட்டத்தில் யாரோ கேட்டார்:
கோழித் துண்டு வைக்கலாமே?
சுவீ லெங் பேனாவை மூடினார்.
வைக்கலாம். பழகிப்போய்ச் சாலைக்கு வரும்.
சாலைக்கு எப்போதும் பசி.

நேற்றைய அட்டையில்
விடிகாலை மூன்று நாற்பத்தொன்று.
ஒரு வளையின் வாயில் அவள்,
முன்னங்கால் மடக்கி, காதுகள் முன்சாய்ந்து.
மூன்று ஐம்பத்தெட்டு: அதே இடம்.
நான்கு இருபது: அதே.
ஐந்து ஆறு: வெளிச்சம் சாம்பலாகிறது,
அதே மடக்கிய கால்.
ஒரு மயிர்கூட அசையவில்லை அவளிடம்.
கேமராவை எழுப்பியது காற்று.

எத்தனை வாரம்
காற்று என்று தள்ளிய படங்களில்
இப்படி இருந்தாளோ.
முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

இரைப் பத்தியில் சுட்டி மின்னி மின்னி நின்றது.
கணினியை மூடிவிட்டு வந்தேன்.

இரவு, குப்பைப் பையோடு கீழே இறங்கியவள்
மின்தூக்கிக்குத் திரும்பவில்லை உடனே.
புதிதாய்ச் சுண்ணாம்பு பூசிய சுவரோரம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
சின்னதாய் ஒரு
சரசரப்புக்காக.